பழைய செல் துண்டென்று நினைத்த வலி: வன்னியில் ஒரு கர்ப்பப்பைச் சார்க்கோமா

வன்னியில் ஒரு பிரதேச வைத்தியசாலையில் வைத்திய அதிகாரியாக வேலை செய்தபோது நான் பார்த்த ஒரு தாயைப் பற்றிய பதிவு இது. முதல் தடவை வெளிநோயாளர் பிரிவுக்கு அவர் வந்த நாளிலிருந்து வீட்டில் உயிர் பிரிந்த நாள்வரை மூன்று ஆண்டும் எட்டு மாதமும். மகளின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வந்தது லியோமயோசார்க்கோமா. கர்ப்பப்பையின் தசைச் சுவரில் தோன்றும் புற்றுநோய். கர்ப்பப்பையில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் இந்த வகை. அரிது என்பதால் எங்களில் பலர் பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி. ஆனால் இதன் தொடக்கம் பார்வைக்குச் சாதாரண பைப்ரொயிட் (புற்றல்லாத தசைக்கட்டி) போலவே இருக்கும், பைப்ரொயிட்டோ ஊரில் எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.

பின்னணி

அவருக்கு 54 வயது. விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் மகள் குடும்பத்தோடு இருந்தார். கணவர் 2009-இல் இறந்துபோனார். அதே ஆண்டில் இவருக்கும் காயம். இரண்டு செல் (எறிகணை) துண்டுகள் உடம்பிலேயே தங்கிவிட்டன: ஒன்று இடுப்புக்கூட்டின் இடப்பக்கம், மற்றது வலது தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியருகே. எடுத்தால் ஆபத்து என்று அப்போது விட்டுவிட்டார்கள். செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பிய பிறகு கச்சான் தோட்டமும் இரண்டு மாடுமாக வாழ்க்கை.

45 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்திருக்கிறார், முடிவு நல்லது. 47 வயதில் தீட்டு அதிகமாகப் போனதால் ஸ்கான் எடுத்தபோது 4 சென்ரிமீற்றர் பைப்ரொயிட் ஒன்று தெரிந்தது. "பயமில்லை, தீட்டு நின்றால் சுருங்கிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அது சரியான அறிவுரை. பைப்ரொயிட் பெரும்பாலும் அப்படித்தான் சுருங்கும். 50 வயதில் தீட்டு நின்றது. அதற்குப் பிறகு யாரும் ஸ்கான் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவுமில்லை.

பாப் பரிசோதனை பார்ப்பது கர்ப்பப்பைக் கழுத்தை மட்டும். அவரோ அந்த நல்ல முடிவை முழுக் கர்ப்பப்பைக்கும் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் பிழையில்லை. அதை விளக்கிச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

முதல் வருகையும் இரண்டாவது வருகையும்

பெரும்போக அறுவடை முடிகிற நேரம். காலையில் நீண்ட வரிசை. களைப்பு, இளைப்பு, தலைச்சுற்று என்று சொன்னார். கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளிறியிருந்தது. இரும்புச்சத்துக் குளிசையும் பூச்சி மருந்தும் எழுதிக் கொடுத்தேன். வயிற்றில் கை வைக்கவில்லை. தீட்டைப் பற்றிக் கேட்கவுமில்லை. 54 வயதுப் பெண்ணுக்கு இரத்தம் ஏன் குறைகிறது என்று நின்று யோசிக்காமல் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஐந்து வாரம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு முடிந்து திரும்ப வந்தார். இந்தத் தடவை அடிவயிற்று வலி. நான் கேட்க முன்னரே அவரே காரணம் சொல்லிவிட்டார்: "உது பழைய செல் துண்டுதான் பிள்ளை. இடைக்கிடை உப்பிடித்தான் கடுக்கும்." வன்னியில் எந்த வலிக்கும் ஒரு பழைய காரணம் கையில் தயாராக இருக்கிறது. நோயாளியும் நம்புகிறார், நாங்களும் நம்பிவிடுகிறோம்.

அன்று என்னைத் தடுத்தது மகள் சொன்ன ஒரு வார்த்தை. "அம்மா பாவாடை நாடாவை இப்ப தொப்புளுக்கு மேலதான் கட்டுறா." ஆள் மெலிந்திருந்தார், கை எலும்பு தெரிந்தது, ஆனால் ஆறு மாதத்துக்குள் நாடா கட்டும் இடம் இரண்டு தடவை மேலே ஏறியிருந்தது. கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தேன். தொப்புளுக்குச் சற்றுக் கீழ்வரை கெட்டியான கட்டி. நாலைந்து மாதக் கர்ப்பத்தின் அளவு. பிறகுதான் கேட்டேன். "தீட்டு நிண்டு நாலு வருசம். இப்ப கொஞ்ச நாளா கறை மாதிரிப் படுது" என்றார். வெட்கத்தில் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஹீமோகுளோபின் 7.6, மிகவும் குறைவு. தீட்டு நின்ற பிறகு சுருங்க வேண்டிய கட்டி வளர்ந்திருக்கிறது, கூடவே இரத்தக் கசிவு. இந்த இரண்டும் சேர்ந்தால் காத்திருக்க இடமில்லை. கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு விடாமல், பெண்நோயியல் கிளினிக்குக்கு நானே தொலைபேசி எடுத்துப் பேசினேன். ஆறாம் நாள் பார்த்தார்கள்.

பரிசோதனைகள்

ஸ்கானில் கர்ப்பப்பைச் சுவரில் 11 சென்ரிமீற்றர் கட்டி. சாதாரண பைப்ரொயிட் போல ஒரே சீராக இல்லை, நடுவே சிதைந்து நீர் கோத்த இடங்கள். கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை.

வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. பெண்நோயியல் நிபுணருக்கு இல்லை. உட்சவ்வில் தொடங்கும் வழக்கமான கர்ப்பப்பைப் புற்றுநோயை இந்தப் பரிசோதனை நன்றாகவே பிடிக்கும். தசைக்குள் இருக்கும் சார்க்கோமாவை அது பல தடவை தவறவிடும், சுரண்டும் கருவி அங்கே போய்ச் சேராமலே போகலாம். "இல்லை என்று வந்தால் இந்த நோயில் அதற்கு அர்த்தம் குறைவு" என்று எனக்கு விளக்கினார். இந்த முடிவை வைத்து ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருந்தால் இந்தப் பதிவு இங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. எடுத்திருக்க வேண்டும். தசைக்கட்டி சாதாரணமானதா சந்தேகத்துக்குரியதா என்று பார்க்க அதுதான் நல்ல படம். ஆனால் இடுப்பில் செல் துண்டு. என்ன உலோகம் என்று யாருக்கும் தெரியாது. பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் வேறு. காந்தத்தின் இழுப்பில் துண்டு நகரலாம், சூடேறலாம். அந்த ஆபத்தை யாரும் எடுக்க விரும்பவில்லை. சி.டி. ஸ்கானோடு நின்றார்கள். அதிலும் துண்டைச் சுற்றி ஒளி கோடுகோடாகச் சிதறி, கட்டியின் இடப்பக்க ஓரம் சரியாகத் தெரியவில்லை. நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஈரலும் அப்படியே.

எப்படி எடுப்பது என்ற முடிவு

குடும்பம் கமரா ஒப்பரேசனை விரும்பியது. மகளுக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்து இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்திருக்கிறார். தழும்பும் சின்னது. கடன் வாங்கியாவது தனியாரில் செய்யலாம் என்று மருமகன் விசாரித்து வைத்திருந்தார்.

நிபுணர் மறுத்தார். சிறு துளை வழியாகப் பெரிய கட்டியை வெளியே எடுக்க வேண்டுமானால் உள்ளே வைத்தே அதைத் துண்டாக்க வேண்டும். பைப்ரொயிட் என்றால் பாதகமில்லை. சார்க்கோமா என்றால், துண்டாக்கும்போது நோய்க்கலங்கள் வயிறு முழுவதும் விதைத்த மாதிரிச் சிதறும். கர்ப்பப்பைக்குள் அடங்கியிருந்த நோயை எங்கள் கையாலேயே வயிற்றுக்குள் பரப்பியதாகிவிடும். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இப்படித் துண்டாக்கும் மின்கருவி பற்றி எச்சரிக்கை விட்டது. பைப்ரொயிட் என்று நினைத்துச் சத்திரசிகிச்சைக்குப் போகும் பெண்களில் ஏறக்குறைய 350 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத சார்க்கோமா இருக்கலாம் என்பது அவர்களின் அன்றைய கணிப்பு. தீட்டு நின்றவர்களில் சந்தேகம் இன்னும் கூட.

நிபுணர் இதைப் புள்ளிவிவரமாகச் சொல்லவில்லை. "பழுத்த பூசணிக்காயைச் சாக்கோடு தூக்கினால் விதை சிந்தாது. உள்ளே வைத்து வெட்டினால் பிறகு பொறுக்க ஏலாது" என்றார். அந்தத் தாய்க்கு அது உடனே விளங்கியது. "முழுசா எடுங்கோ" என்றார்.

நாள் குறித்தபோது அது வற்றாப்பளை அம்மன் பொங்கலோடு மோதியது. நேர்த்தி வைத்திருந்தார், பொங்கலைக் கண்ட பிறகுதான் வருவேன் என்று நின்றார். வற்புறுத்தலாமா என்று நான் யோசித்தேன். நிபுணர் பத்து நாள் விட்டுக்கொடுத்தார். அந்த இடைவெளியில் இரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினை 10-க்கு மேலே கொண்டுவந்தார்கள். பொங்கலுக்குப் போய்வந்தவர் சொன்ன நாளில் வந்து படுத்தார். அந்தப் பத்து நாளால் எதுவும் கெட்டதென்று நான் நினைக்கவில்லை. விருப்பத்துக்கு எதிராக இழுத்திருந்தால் வராமலே விட்டிருப்பார்.

சத்திரசிகிச்சையும் தொலைந்த ஏழு வாரமும்

நெடுக்கு வெட்டு. கர்ப்பப்பையும் இரண்டு சூலகங்களும் ஒரே துண்டாக வெளியே வந்தன. வயிற்றுக்குள் வேறெங்கும் நோய் தெரியவில்லை. நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருக்கவில்லை, அதனால் எடுக்கவில்லை. இந்த நோய் கணுக்கள் வழியாகப் போவது குறைவு, இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போவதுதான் அதிகம். ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார்.

ஐந்து வாரத்தில், எடுத்த கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்து எழுதும் இழையவியல் அறிக்கை தயாரானது. லியோமயோசார்க்கோமா, 12 சென்ரிமீற்றர். கலங்கள் மிகவும் உருமாறியிருந்தன, கட்டிக்குள் சிதைவு இருந்தது, நுணுக்குக்காட்டியில் பத்துப் புலங்களில் 18 கலப்பிரிவுகள், அதாவது இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த கலங்கள். பத்துக்கு மேல் போனாலே கவலைக்குரியது. வெட்டிய ஓரங்கள் சுத்தம். இரத்தக்குழாய்க்குள் நோய் நுழைந்த அடையாளம் காணப்படவில்லை.

இந்த அறிக்கை ஒரு கோப்புக்குள் ஏழு வாரம் கிடந்தது. காயம் ஆறிவிட்டதா என்று பார்க்க அவர் வந்த நாளில் அறிக்கை வந்திருக்கவில்லை. வந்த பிறகு அழைக்க முயன்றிருக்கிறார்கள், பதிவிலிருந்த தொலைபேசி இலக்கம் மருமகனின் பழைய சிம். அது பாவனையில் இல்லை. வேறு வழியைத் தேட வேண்டும் என்பது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. கடைசியில் அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வேறொரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போன இடத்தில் மகளைக் கண்டு, "அம்மாவின்ர ரிப்போட் என்ன மாதிரி?" என்று கேட்டிருக்கிறார். மகளுக்குத் தெரியாது. அவர் எனக்குச் சொல்ல, நான் தேடினேன். சத்திரசிகிச்சை நடந்து பன்னிரண்டு வாரம் போயிருந்தது.

புற்றுநோய் என்று தெரியாமல் அந்தத் தாய் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மேலதிக சிகிச்சை வேண்டுமா?

தெல்லிப்பழையில் புற்றுநோய் நிபுணர் பார்த்தார். திரும்ப எடுத்த சி.டி. ஸ்கான் சுத்தம். நோய் கர்ப்பப்பையை விட்டு வெளியே போகவில்லை, ஆனால் 5 சென்ரிமீற்றரைவிடப் பெரியது. ஆகவே முதலாம் நிலையின் இரண்டாம் பிரிவு.

உயிர்பிழைப்பைத் தீர்மானிக்கும் விஷயங்களை அவர் ஒளிக்காமல் சொன்னார். எல்லாவற்றையும்விடப் பெரியது நோயின் நிலை. கர்ப்பப்பைக்குள் அடங்கியிருக்கும்போது எடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்து ஆண்டு கடக்கிறார்கள். தொலைவுக்குப் பரவிய பிறகு கண்டவர்களில் அப்படிக் கடப்பவர் மிகக் குறைவு. அதற்கடுத்துக் கட்டியின் அளவு, கலப்பிரிவின் வேகம், வயது, இரத்தக்குழாய்க்குள் நோய் நுழைந்ததா என்பது, கட்டி முழுதாக வந்ததா உடைந்து வந்ததா என்பது. இவருக்கு நிலை நல்லது, முழுதாக வந்தது நல்லது. அளவும் கலப்பிரிவும் நல்லதல்ல.

மகள் கேட்டது நியாயமான கேள்வி: அப்படியானால் ஏன் மருந்து ஏற்றவில்லை? அடங்கியிருந்த நோயை முழுதாக எடுத்த பிறகு கதிர்ச்சிகிச்சையோ கீமோவோ ஆயுளைக் கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு 2008-இல் வந்தது. இடுப்புக்குக் கதிர் கொடுத்ததால் லியோமயோசார்க்கோமா உள்ளவர்களின் ஆயுள் நீளவில்லை. கீமோவைச் சோதிக்கத் தொடங்கிய பன்னாட்டுப் பரிசோதனை ஒன்றில் 216 பேர் தேவைப்பட்ட இடத்தில் 38 பேர்தான் சேர்ந்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள், சேர்ந்தவர்களிலும் பலன் தெரியவில்லை. அரிதான நோயின் துயரம் இதுதான். கேள்விக்கு விடை காணக்கூடிய அளவுக்கு ஆட்கள் கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தத் தாய் கண்காணிப்பைத் தெரிவு செய்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக், நெஞ்சு எக்ஸ்ரே, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.டி.

பதினைந்தாம் மாதம்

விடிய முன்னர் எழும்பி, பரந்தன் சந்தியில் பஸ் மாறி, யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து தெல்லிப்பழை. திரும்பி வர இருட்டிவிடும். ஒரு தடவைகூடத் தவறவில்லை. மகளின் கையில் எப்போதும் ஒரு பெரிய பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் 2009-க்குப் பிறகு எடுத்த அத்தனை எக்ஸ்ரே படங்களும், ஸ்கான் அறிக்கைகளும், கிளினிக் கொப்பியும். மழையில் நனையாமல் உரப்பை ஒன்றால் மேலே சுற்றியிருப்பார்.

ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் வலது தோள்பட்டையருகே செல் துண்டு வெள்ளையாகத் தெரியும். புதிதாகப் பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரும் அதைச் சுட்டிக் கேட்பார். "அது பழைய செல் துண்டு டொக்டர்" என்று மகள் சொல்வார். பழகிவிட்ட பதில்.

பதினைந்தாம் மாத எக்ஸ்ரே எங்கள் வைத்தியசாலைக்கும் வந்தது. அதே இடத்தை ஒட்டி ஒரு நிழல். பார்த்த இளம் வைத்தியர் கொப்பியில் பழைய செல் துண்டு என்று எழுதப் போனார். மகள் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. பையிலிருந்து முந்தைய படத்தை எடுத்து, "முந்தி ஒண்டுதான் இருந்தது" என்று பக்கத்தில் வைத்தார். வெளிச்சத்தில் இரண்டையும் பிடித்துப் பார்த்தோம். துண்டு கூர்மையான ஓரத்தோடு பளிச்சென்ற வெள்ளை, இரண்டு படத்திலும் ஒரே வடிவம். அதற்கு ஒரு விரல் அகலம் கீழே, புதிய படத்தில் மட்டும், மங்கலான சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை.

சி.டி. உறுதிப்படுத்தியது. வலது நுரையீரலில் 17 மில்லிமீற்றர் கட்டி, ஒன்றே ஒன்று. வேறெங்கும் இல்லை.

இங்கே எடுத்த முடிவு முக்கியமானது. சார்க்கோமா நுரையீரலுக்கு வந்தால் எல்லாம் முடிந்தது என்று பொதுவாக நினைக்கிறோம். ஆனால் முதல் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் நோய் அமைதியாக இருந்து, பிறகு எண்ணிக்கையில் குறைவாக, முழுதாக வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் வந்தால், எடுத்துவிடுவது தெரிந்தெடுத்த சிலருக்கு நல்ல காலத்தைக் கொடுக்கிறது. இவர் அந்தச் சிலருக்குள் வந்தார். ஆறு வாரத்தில் கொழும்பில் நெஞ்சறைச் சத்திரசிகிச்சை. வெட்டிய ஓரம் சுத்தம்.

அப்படியே அந்தச் செல் துண்டையும் எடுத்துவிடலாமா என்று கேட்டாராம். எடுக்கவில்லை.

பிறகு

பதினாறு மாதம் நன்றாக இருந்தார். மூன்று போகம். பேத்திக்கு ஏடு தொடக்கினார். பிறகு எடுத்த ஸ்கானில் இரண்டு நுரையீரலிலும் பல இடங்களில் கட்டிகள், ஈரலிலும் இரண்டு. இனி வெட்ட இடமில்லை. இதயத்தைச் சோதித்துவிட்டு டொக்சோருபிசின் என்ற கீமோ மருந்தைத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்று, மொத்தம் ஆறு. "சிவப்பு மருந்து" என்றுதான் அவர் சொல்வார். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவந்து போகும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்ததால் பயப்படவில்லை. தலைமயிர் போனது. மூன்றாவதற்குப் பிறகு எடுத்த ஸ்கானில் கட்டிகள் வளராமல் நின்றிருந்தன.

மருந்து முடிந்து சில வாரத்தில் மூச்சு முட்டத் தொடங்கியது. நெஞ்சில் நீர் கோத்திருந்தது, இரண்டு தடவை எடுத்தோம். வேறு மருந்து முயலலாம் என்று நிபுணர் சொன்னபோது, "காணும் டொக்டர், வீட்டை போறன்" என்றார். வாயால் குடிக்கும் மோர்பின் கொடுத்து அனுப்பினோம். தாதியும் குடும்பநல உத்தியோகத்தரும் மாறிமாறிப் போய்ப் பார்த்தார்கள். முதல் சத்திரசிகிச்சையிலிருந்து 41-ஆம் மாதம், ஒரு விடியற்காலையில், மகளின் மடியில் காலமானார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

கலப்பிரிவின் வேகத்தை நாங்கள் மாற்றியிருக்க முடியாது. முதல் வருகையில் நான் வயிற்றைப் பார்த்திருந்தால் ஐந்து வாரம் மிஞ்சியிருக்கும். 12 சென்ரிமீற்றர் கட்டியில் ஐந்து வாரம் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் எனக்கு அது உறுத்துகிறது. இப்போது 45 வயதைத் தாண்டிய பெண் களைப்பென்று வந்தால் கடைசித் தீட்டு எப்போது என்று கேட்காமல் மருந்துத் துண்டு எழுதுவதில்லை. வெளிநோயாளர் பிரிவில் படுக்க வைத்துப் பார்க்க மறைப்பு இருக்கவில்லை, அதுவும் நாங்கள் வயிற்றைத் தொடாததற்கு ஒரு காரணம். ஒரு கட்டிலையும் சீலைத் திரையையும் போட்டோம். செலவு மிகக் குறைவு.

பைப்ரொயிட் இருப்பது தெரிந்த பெண்ணுக்குத் தீட்டு நின்றதும் ஒரு ஸ்கான், ஓர் ஆண்டில் இன்னொன்று வேண்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர்களோடு பேசி வைத்திருக்கிறோம். சுருங்கினால் விட்டுவிடலாம். வளர்ந்தால் விடக்கூடாது. நடைமுறையில் எல்லோரையும் பிடிக்க முடிவதில்லை, இடம்பெயர்வில் பழைய கொப்பிகளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இழையவியலுக்குப் போகும் ஒவ்வொரு மாதிரியையும் ஒரு பதிவேட்டில் எழுதுகிறோம். இரண்டு தொலைபேசி இலக்கம், அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் பெயர், அறிக்கை நோயாளியின் கைக்குப் போன திகதி. ஆறு வாரத்தில் கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் தேடத் தொடங்குகிறோம். அந்த ஏழு வாரம் இவரின் ஆயுளைக் குறைக்கவில்லை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் பிறகு எடுத்த ஸ்கான் சுத்தமாக இருந்தது. இன்னொருவருக்கு அப்படி அமையும் என்று நம்பியிருக்க முடியாது.

கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் ஓர் ஆள் உருவத்தை வரைந்து, உடம்பில் உலோகம் இருக்கும் இடங்களைப் புள்ளியிட்டுக் குறிக்கிறோம். எத்தனை துண்டு, எந்தப் பக்கம், எந்த ஆண்டுப் படத்தில் பார்த்தது. புதிதாக ஒரு நிழல் வந்தால் எண்ணிப் பார்க்கலாம்.

முழுதாக எடுத்த முடிவை மட்டும் எத்தனை தடவை திரும்பி யோசித்தாலும் மாற்ற மாட்டேன்.

அந்தியேட்டி முடிந்து சில நாளில் மகள் அந்தப் பையோடு வந்தார். படங்கள் வைத்தியசாலையிலேயே இருக்கட்டும், படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும் என்றார். பிறகு தயங்கித் தயங்கி இரண்டு கேள்வி கேட்டார். அந்த 4 சென்ரிமீற்றர் கட்டிதான் புற்றாக மாறியதா, அன்றே எடுத்திருந்தால் தப்பியிருப்பாவா? பெரும்பாலும் இந்த நோய் தனியாகவே தோன்றுகிறது, பைப்ரொயிட் மாறி வருவதாகக் கருதுவதில்லை என்று சொன்னேன். தனக்கும் வருமா? பரம்பரையாக வரும் சில அரிய குறைபாடுகளில் இது வரலாம், ஆனால் பெரும்பாலானோருக்கு அப்படி இல்லை, உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் வந்த வரலாறும் இல்லை என்றேன். மனம் ஆறட்டும் என்று ஒரு ஸ்கான் எடுத்தோம். 34 வயது, 2 சென்ரிமீற்றரில் ஒரு சின்னப் பைப்ரொயிட். கொப்பியில் அளவை எழுதி, அடுத்த ஸ்கானுக்குத் தை மாதம் திகதி போட்டுக் கொடுத்தேன்.